எஷர் வழியில நம்ம வீட்டுக்கு சிமெண்ட் டைல்ஸ் டிசைன் பண்றது எப்படி

பாண்டில பழைய வீடு எதுக்குள்ள போனாலும், அது பீச் பக்கம் டூமா வீதியா இருந்தாலும் சரி, இந்தப் பக்கம் வைசியாள் வீதியா இருந்தாலும் சரி, எனக்கு மொதல்ல கண்ணு தரைக்குதான் போகும். தாழ்வாரத்துல ஒரு டிசைன், ரூமுக்குள்ள வேற டிசைன், ரெண்டுக்கும் நடுவுல நிலைப்படிகிட்ட ஒரு பார்டர், கால் பட்டுப் பட்டே பளபளன்னு ஆகியிருக்கும். இப்ப லாஸ்பேட்டை, வில்லியனூர், கடலூர் மஞ்சக்குப்பம்னு புதுசா வீடு கட்டறவங்களும் அதே மாதிரி பூ போட்ட சிமெண்ட் டைல்ஸ் வேணும்னு கேக்கறாங்க, அது எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா பட்டறைக்குப் போனதும் அங்க மாட்டி வச்சிருக்கற நாலஞ்சு பூவுல ஒண்ண கை காட்டிட்டு வந்துடறாங்க. இது கையால ஊத்தி செய்யற கல்லு, உங்களுக்குன்னு தனியா ஒரு டிசைன் போட்டு செஞ்சு வாங்கலாம், புதுசா ஒரு அச்சு அடிக்கணும் அவ்ளோதான். அந்த டிசைன எப்படி யோசிக்கறது, எப்படி வரையறது, பட்டறைலயும் கொத்தனார்கிட்டயும் என்ன சொல்லிக் குடுக்கறதுன்னு எனக்குத் தெரிஞ்சத முழுசா எழுதறேன்.

இதுக்கு நான் குருவா நினைக்கறது எம்.சி. எஷர்ங்கற நெதர்லாந்து ஓவியர், 1898ல பொறந்து 1972ல செத்துப்போனவரு. ஸ்பெயின்ல கிரனடாங்கற ஊர்ல இருக்கற அல்ஹம்ப்ரா அரண்மனைக்கு மொதல்ல 1922லயும், அப்புறம் 1936ல மனைவி கூடவும் போனாரு. ரெண்டாவது தடவ போனப்ப ரெண்டு பேரும் அங்க சுவர்ல இருக்கற டைல் டிசைன எல்லாம் உக்காந்து பொறுமையா காப்பி எடுத்தாங்க, அதுக்கப்புறம் அவரோட வேலையே மாறிடுச்சு. மீனு, பறவை, பல்லின்னு உருவங்கள நடுவுல ஒரு பொட்டு எடம் விடாம ஒண்ணோட ஒண்ணு கோத்து தாள நிரப்பறதுதான் அவரோட வாழ்நாள் வேலையாச்சு. அவரோட அண்ணன் ஒருத்தரு நிலவியல் (ஜியாலஜி) புரொபசர், அவருதான் படிகங்களப் பத்தின ஆராய்ச்சிக் கட்டுரைகள எடுத்துக் குடுத்து இதுல ஒரு கணக்கு இருக்குடான்னு காட்டினாரு. ஒரு தளத்த திரும்பத் திரும்ப வர டிசைனால நிரப்பறதுக்கு மொத்தம் 17 வகை ஒழுங்குதான் உண்டுங்கறது அந்தக் கணக்குல வர விஷயம்.

அவருகிட்டேர்ந்து எடுத்துக்க வேண்டியது மீன் படமோ பல்லி படமோ இல்ல. டிசைனோட உயிரு கல்லு நடுவுல இல்ல, கல்லோட ஓரத்துல இருக்குங்கற பாடத்த எடுத்துக்கணும். ஒரு கல்லு ஓரத்துல முடியற கோடு பக்கத்து கல்லுல எங்க ஆரம்பிக்குதுங்கறத ஒழுங்கா முடிவு பண்ணிட்டா நடுவுல நீங்க என்ன வரைஞ்சாலும் தரை நல்லா வரும். நடுவுல அழகா ஒரு தாமரை போட்டுட்டு ஓரத்த சும்மா விட்டா, பரப்பிப் பாக்கும்போது கட்டம் கட்டமா ஸ்டாம்ப் ஷீட்டு மாதிரி தெரியும், தரை மாதிரி தெரியாது.

இதயே இன்னொருத்தரும் செஞ்சு காட்டியிருக்காரு, ஸ்பெயின்ல பார்சிலோனா ஊர் கட்டடக் கலைஞர் கௌடி. 1904ல காசா பட்லோ வீட்டுக்குன்னு ஆறுபக்க சிமெண்ட் கல்லு ஒண்ணு டிசைன் பண்ணாரு, கடைசில அது போய் சேந்தது காசா மிலாங்கற கட்டடத்துக்கு. செஞ்சு குடுத்தது எஸ்கோஃபெட்ங்கற கம்பெனி. ஒரே நெறம், மேடு பள்ளமா கடல் பாசி, நட்சத்திர மீனு, சுருள் சங்கு மாதிரி உருவங்க. ஒரு கல்லுல எந்த உருவமும் முழுசா இருக்காது, பக்கத்து கல்லு கூட சேந்தாதான் முழுசாகும், 7 கல்லு சேத்து வச்சாதான் மொத்த டிசைனும் புரியும். ஒரே ஒரு அச்சுதான் அவ்ளோ வேலையும் பண்ணுது. இன்னைக்கும் அந்த ஊர்ல பசேஜ் டி கிராசியா ரோட்டு நடைபாதைல அந்த டிசைன் மேலதான் ஜனங்க நடக்கறாங்க.

சரி, வரையறதுக்கு முன்னாடி கல்லு எப்படி செய்யறாங்கன்னு தெரியணும், ஏன்னா பேப்பர்ல வர எல்லாமும் சிமெண்ட்ல வராது. காரைக்குடி பக்கம் ஆத்தங்குடில செய்யற முறை இது. கீழ ஒரு கண்ணாடித் துண்டு, நல்லா தொடச்சு சுத்தமா இருக்கணும், அதுமேல சதுரமா இரும்புச் சட்டம், சட்டத்துக்குள்ள தகட்டுல செஞ்ச அச்சு. அச்சுல ஒவ்வொரு அறையா இருக்கும், வெள்ளை சிமெண்ட்டும் ஆக்சைடு கலரும் கலந்த கூழ கரண்டில எடுத்து ஒவ்வொரு அறைக்குள்ளயும் அளவா ஊத்துவாங்க. ஊத்திட்டு அச்ச நேரா மேல தூக்கணும். அந்த நிமிஷம் பக்கத்துல நின்னு பாருங்க, தகடு இருந்த எடத்துல ரெண்டு கலரும் மெதுவா நகந்து வந்து ஒண்ண ஒண்ணு தொட்டு நின்னுடும், கலக்காது, ஆனா கோடு லேசா நடுங்கியிருக்கும், கைவேலைங்கறதுக்கு அடையாளமே அந்த நடுக்கம்தான். அதுமேல சிமெண்டும் மணலும் கலந்த காஞ்ச பொடிய தூவுவாங்க, கலர்ல இருக்கற ஈரத்த அது உறிஞ்சிக்கும், அப்புறம் ஈரக் கலவைய போட்டு கரண்டியால அமுக்கி மட்டம் பண்ணி முடிப்பாங்க. பிறகு தண்ணித் தொட்டில ஊறப்போட்டு, எடுத்து காயவச்சா கண்ணாடி தானா விட்டு வரும், அந்த வழவழப்பு கண்ணாடி குடுத்தது. சூளைல சுடறது எல்லாம் கிடையாது. வேற சில எடத்துல கண்ணாடிக்குப் பதிலா இரும்பு அச்சுப்பெட்டி, மேலேர்ந்து ஹைட்ராலிக் பிரஸ் வச்சு அழுத்துவாங்க, ஊத்தற தத்துவம் ஒண்ணுதான்.

இதுலேர்ந்து உங்க டிசைனுக்கு சில கட்டுப்பாடு வருது. கலர் அடுக்கு சில மில்லிமீட்டர் கனம்தான், அதனால 5 மில்லிமீட்டருக்குக் கீழ மெல்லிசு கோடு வேணாம், கூழு அந்த சந்துக்குள்ள எறங்காது, எறங்கினாலும் பக்கத்து கலரு முழுங்கிடும். ஊசி மாதிரி கூர் முனையும் வேணாம், முனைய கொஞ்சம் மழுக்கி விடுங்க. மூணு கலருக்கு மேல போகாதீங்க, ஒவ்வொரு கலரும் ஒரு தடவ ஊத்தற வேலை, கூலியும் ஏறும். எல்லாத்த விட முக்கியமா ஒண்ணு சொல்றேன், இத யாரும் கவனிக்கறதில்ல. கல்லோட முகம் கீழ கண்ணாடி பக்கம் இருக்கு, அச்ச மேலேர்ந்து வைக்கறாங்க, அப்ப நீங்க வரைஞ்சது இடம் வலமா திரும்பிதான் கல்லுல வரும். பூவுக்கு இதனால ஒண்ணும் ஆகாது, ஆனா ஒரு பட்டை மேல இன்னொரு பட்டை போற மாதிரி, இல்ல சுழி சுத்தற மாதிரி டிசைன்னா சுத்தற திசையே மாறிடும். அச்சுக்குக் குடுக்கற தாள திருப்பி வச்சு ட்ரேஸ் எடுத்துக் குடுங்க, மேல பெருசா "இது திருப்பின படம்"னு எழுதிடுங்க.

இப்ப டிசைன். எனக்குப் பிடிச்ச வழி எஷரோட பட்டை விளையாட்டுதான். ஒரு சதுரத்துக்குள்ள பின்னின மாதிரி பட்டைகள வரைஞ்சு சின்னதா ஒரு முத்திரை செதுக்கி, அத நாலு பக்கமும் திருப்பித் திருப்பி குத்திப் பாத்தாரு. ரெண்டுக்கு ரெண்டா நாலு கட்டம், ஒவ்வொண்ணுலயும் நாலு திசைல எதுல வேணா வைக்கலாம், அப்ப 4x4x4x4, மொத்தம் 256 வகை. அதுல திருப்பினா, நகத்தினா ஒண்ணாவே இருக்கறத எல்லாம் கழிச்சா 23 தனித்தனி டிசைன் மிஞ்சும், அத அவரு கணக்குப் பாடம் பெருசா படிக்காமலே ஒவ்வொண்ணா வரைஞ்சே கண்டுபிடிச்சாரு. யோசிச்சுப் பாருங்க, ஒரே அச்சுக்குக் காசு குடுத்துட்டு ஹாலுக்கு ஒண்ணு, தாழ்வாரத்துக்கு ஒண்ணு, பூஜை ரூமுக்கு ஒண்ணுன்னு வேற வேற தரை போடலாம். இவருக்கும் முன்னாடி 1704லயே செபாஸ்டியன் ட்ரூஷேங்கற பிரெஞ்சு பாதிரியாரு, மூலைக்கு மூலை கோடு போட்டு பாதி கருப்பு பாதி வெள்ளையா இருக்கற ஒரே கல்ல திருப்பிப் போட்டே எத்தனை டிசைன் வரும்னு எழுதி வச்சிருக்காரு.

வரையறது இப்படி. 8 இஞ்ச் கல்லுன்னு வச்சுக்கங்க, கெட்டி அட்டைல 8 இஞ்ச் சதுரம் ஒண்ணு போடுங்க. நாலு ஓரத்துலயும் 2 இஞ்ச்ல ஒரு புள்ளி, 6 இஞ்ச்ல ஒரு புள்ளி. எட்டு புள்ளி ஆச்சு. புள்ளிங்க ஓரத்தோட நடு மையத்துக்கு ரெண்டு பக்கமும் சம தூரத்துல இருக்கணும், ஏன்னா பக்கத்து கல்லு எந்தப் பக்கமா திரும்பி உக்காந்தாலும் புள்ளியோட புள்ளி சேரணும், 2லயும் 5லயும் வச்சா திருப்பினதும் கோடு அறுந்துபோகும். இப்ப அந்த எட்டு புள்ளிய ரெண்டு ரெண்டா உங்க இஷ்டத்துக்கு இணைங்க, மொத்தம் நாலு பட்டை வரும், ஒவ்வொண்ணும் ஒரு இஞ்ச் அகலம். ஒண்ணு நேரா போகட்டும், ஒண்ணு வளஞ்சு பக்கத்து ஓரத்துக்குப் போகட்டும், ஒண்ணு திரும்பி அதே ஓரத்துக்கே வரட்டும். நாலு பக்கமும் ஒரே மாதிரி இருக்கற மாதிரி மட்டும் இணைச்சுடாதீங்க, அப்புறம் திருப்பினாலும் திருப்பாட்டியும் ஒண்ணுதான், விளையாட்டே இல்ல. பட்டை ஓரத்தத் தொடும்போது செங்குத்தா தொடணும், சாஞ்சு தொட்டா கல்லுக்குக் கல்லு முட்டி மடிஞ்ச மாதிரி ஒரு ஒடிவு தெரியும். ரெண்டு பட்டை குறுக்க வர எடத்துல கீழ போற பட்டைய கால் இஞ்ச் முன்னாடியே நிறுத்திடுங்க, அந்த சின்ன இடைவெளியால மேல ஒண்ணு கீழ ஒண்ணு போற மாதிரி கண்ணுக்குத் தெரியும்.

கலருக்கு ஒரு விதி வச்சுக்கங்க. ஓரத்தத் தொடற பட்டை எல்லாம் ஒரே கலர், ஓரத்தத் தொடற தரைப்பகுதி எல்லாம் இன்னொரே கலர். நாலாபக்கமும் பட்டை சுத்தி கல்லுக்குள்ளயே மூடிக்கெடக்கற குட்டி குட்டி எடம் வரும் பாருங்க, மூணாவது கலர அங்க மட்டும் வைங்க. அப்பதான் எப்படித் திருப்பினாலும் கலரு வெட்டாம ஓடும்.

வரைஞ்சதும் அச்சுக்கு ஓடாதீங்க. அத ரெண்டு இஞ்ச் சைஸுக்குச் சுருக்கி ஜெராக்ஸ் கடைல பக்கம் பக்கமா எடுத்து வெட்டி, ஒரு அறுபது துண்டாவது வேணும், தரைல பரப்பி விளையாடுங்க. வீட்ல பசங்க இருந்தா அவங்கள விடுங்க, நம்மள விட நல்லா பண்ணுவாங்க. மொதல்ல எல்லாம் ஒரே திசை. அப்புறம் மேல் வரிசைல ஒண்ணு நேரா, அடுத்தது கால் சுத்து திருப்பி, கீழ வரிசைல அதுக்கடுத்த ரெண்டு திருப்பம்னு கடிகாரம் சுத்தற மாதிரி வைங்க, நாலு கல்லு நடுவுல ஒரு சக்கரம் எழும்பி வரும். பாண்டி பழைய வீட்டுத் தரைங்கள்லயும் இந்த முறைய பாக்கலாம், ஒரு மூலைல கால் பூவ வச்சு நாலு கல்லு சேத்து முழுப் பூவாக்குவாங்க. அப்புறம் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை தலைகீழா போட்டுப் பாருங்க. கடைசியா கண்ண மூடிட்டு கைக்கு வந்தபடி போட்டுப் பாருங்க, எனக்கு தாழ்வாரத்துக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும், பட்டை எங்கயோ கெளம்பி எங்கெங்கயோ சுத்திட்டு வந்து சேரும், எத்தன வருஷம் பாத்தாலும் சலிக்காது. பிடிச்சத போன்ல போட்டோ எடுத்துட்டு, ஸ்டூல் மேல ஏறி நின்னும் ஒரு போட்டோ எடுங்க, கிட்டப் பாக்க நல்லா இருக்கறது தூரத்துலேர்ந்து கண்ணக் கூசலாம். எஷர் தாள்ல கருப்பும் வெள்ளையும் வச்சு அடிச்ச அடிய தரைல அடிக்கக் கூடாது, நம்ம ஊரு வெயிலு முற்றத்து வழியா நேரா தரைல விழும், அதனால ரெண்டு கலருக்கும் நடுவுல வித்தியாசம் கொஞ்சம் மட்டா இருக்கட்டும், சந்தனக் கலரும் செங்கல் செவப்பும் மாதிரி.

மீனு, பறவைன்னு உருவமாவே வேணுங்கறவங்களுக்கு சுலபமான வழி ஒண்ணு இருக்கு. சதுரத் தாள்ல நடுவுல உருவத்த வரைங்க, ஓரத்தத் தொடாம. தாள நெடுக்க ரெண்டா வெட்டி இடது பாதிய வலது பக்கம் வச்சு ஒட்டுங்க, அப்புறம் குறுக்க வெட்டி மேல் பாதிய கீழ வச்சு ஒட்டுங்க. இப்ப நீங்க வரைஞ்சது நாலு மூலைக்குப் போயிருக்கும், நடுவுல காலி எடம் இருக்கும், அதுல இன்னொரு உருவத்த வரைஞ்சு நிரப்புங்க. இந்தக் கல்லு எல்லாத்தயும் ஒரே திசைல போடணும், போட்டா ஒட்டே தெரியாம ஓடும். ஆனா எஷரோட படத்தயே எடுத்து அச்சு அடிக்காதீங்க. நம்ம நாட்டு சட்டத்துல ஓவியர் செத்து 60 வருஷம் வரைக்கும் காப்பிரைட் இருக்கு, அவருக்கு அது 2032 கடைசி வரைக்கும் ஓடும். கௌடி 1926ல செத்தாரு, வில்லியம் மாரிஸ்ங்கற இங்கிலாந்து டிசைனர் 1896ல, அவங்க டிசைன எடுத்து வேலை பண்ணலாம்.

ஆனா வெளிநாட்டு உருவத்துக்கு எல்லாம் போகறதுக்கு முன்னாடி உங்க அம்மாவோட கோல நோட்ட எடுத்துப் பாருங்கன்னுதான் நான் எல்லார்கிட்டயும் சொல்றது. மார்கழில வாசல்ல போடற சிக்கு கோலம் அப்படியே கல்லுக்குன்னே பொறந்த டிசைன். எப்படின்னா, ஒவ்வொரு புள்ளியச் சுத்தியும் ஒரு சதுரம் போடுங்க, பக்கத்து பக்கத்து சதுரம் ஒட்டிக்கற மாதிரி. இப்ப கம்பி, அதாவது வளஞ்சு போற கோலக் கோடு, அந்த சதுரத்தோட ஓரத்துல என்ன பண்ணுதுன்னு பாருங்க. ஒண்ணு, ஓரத்தோட நடுவுல ரெண்டு கம்பி குறுக்கப் போட்டு பக்கத்து புள்ளிக்குப் போகும், இல்லனா ஓரத்தத் தொடாம உள்ளயே வளஞ்சு திரும்பிடும். ரெண்டே ரெண்டு வழிதான், குறுக்கப் போனா அது தெறந்த ஓரம், திரும்பிட்டா மூடின ஓரம். நாலு ஓரத்துக்கும் ரெண்டு ரெண்டு வழின்னா 16 வகை, திருப்பினா ஒண்ணாகறத கழிச்சா மொத்தம் ஆறே ஆறு கல்லு. எல்லா ஓரமும் மூடினது வட்டம், ஒரு ஓரம் மட்டும் தெறந்தது தண்ணிச் சொட்டு மாதிரி, எதிரெதிர் ஓரம் தெறந்தது கண்ணு மாதிரி, பக்கத்து பக்கத்து ஓரம் தெறந்தது ஒண்ணு, மூணு தெறந்தது ஒண்ணு, நாலும் தெறந்தது ஒண்ணு. இந்த ஆறு அச்ச வச்சு சதுரப் புள்ளி சிக்கு கோலத்துல நேர் புள்ளி வச்சது எத வேணா தரைல கொண்டு வந்துடலாம், ஊடு புள்ளின்னா கல்ல மூலைவாட்டுல சாச்சு போடணும். தெறந்த ஓரம் தெறந்த ஓரத்தோடதான் சேரணும், அது ஒண்ண மட்டும் கொத்தனாருக்குப் புரிய வச்சாப் போதும்.

ஆறு அச்சு செலவுதான், மறுக்கல. அதனால முழு ஹாலுக்கும் வேணாம், நடு ஹால்ல ஏழுக்கு ஏழோ ஒம்பதுக்கு ஒம்பதோ ஒரு கோலம், சுத்தி பிளெய்ன் கல்லு. தெரிஞ்ச ஒரு அக்கா திருப்பாப்புலியூர்ல அப்படித்தான் போட்டாங்க. அவங்க அம்மா கோலத்த நோட்டுலேர்ந்து எடுத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் எந்த கல்லு எந்தத் திசைன்னு கிராஃப் ஷீட்ல நம்பர் போட்டுக் குடுத்தாங்க, கொத்தனார் அதப் பாத்துட்டு "இது எங்க ஊட்ல போடற கோலம்தானம்மா, ஷீட்டே வேணாம்"னு சொல்லிட்டு கடகடன்னு வச்சுட்டாரு. ஒரு விஷயம், வெளக்கு, சங்கு, ஓம் இதெல்லாம் கால் படற எடத்துல வைக்காதீங்க, பெரியவங்க மனசு கஷ்டப்படும், அந்த மாதிரி டிசைன் வேணும்னா பூஜை ரூம் சுவருக்கு வச்சுக்கங்க.

கலர் தேர்வுல ஏமாறாதீங்க. செவப்பு, மஞ்சள், கருப்பு எல்லாம் அயர்ன் ஆக்சைடு, பச்சைக்கு குரோம் ஆக்சைடு, இதெல்லாம் சிமெண்ட்ல அப்படியே நிக்கும். நீலம்தான் தொல்லை. வெல கம்மியா கிடைக்கற அல்ட்ராமரைன் நீலம் சிமெண்ட்ல இருக்கற சுண்ணாம்புத் தன்மைக்கு நாளாக ஆக மங்கிடும், கோபால்ட் நீலம் நிக்கும் ஆனா வெல அதிகம். கேட்டு எழுதி வாங்கிக்கங்க. கலர் நல்லா அடிக்கணும்னு ஆக்சைட அள்ளிக் கொட்டவும் கூடாது, சிமெண்ட் எடைல 10 சதவீதத்த தாண்டினா கல்லோட பலம்தான் போகும். ஆர்டருக்கு முன்னாடி நாலு கல்லு சாம்பிள் செய்யச் சொல்லி, காஞ்சதும் ஈரத்துணியால தொடச்சும் தொடைக்காமலும் பாருங்க, ரெண்டுக்கும் கலர் வேற மாதிரி தெரியும்.

அளவுக்கு வருவோம், டிசைன் நல்லா இருந்தும் தரை கெட்டுப்போறது இங்கதான். 10க்கு 12 அடி ரூமுக்கு 8 இஞ்ச் கல்லுன்னா ஒரு பக்கம் 15, இன்னொரு பக்கம் 18, மொத்தம் 270. ஆனா உங்க டிசைன் ரெண்டுக்கு ரெண்டா ஓடுதுன்னா 15 ஒத்தப்படை, ஒரு பக்கம் சக்கரம் பாதியா அறுந்து நிக்கும், கதவத் தெறந்ததும் அதுதான் கண்ணுல படும். அதனால 12 அடி நீளச் சுவரு ரெண்டு பக்கமும் 4 இஞ்ச் பிளெய்ன் பட்டி விடுங்க, அதுக்கு உள்ள நாலு பக்கமும் 8 இஞ்ச்ல பார்டர், நடுவுல சரியா 12க்கு 16 கல்லு டிசைன் உக்காரும், ரெண்டும் ரெட்டைப்படை. டிசைன் கல்லு 192, பார்டர் 60, அதுல மூலைக்கு 4, பிளெய்ன் 18 கல்லு, ஒவ்வொண்ணும் ரெண்டு பாதியா வெட்டினது. இதுக்கு மேல பத்துல ஒரு பங்கு கூட வாங்குங்க. கல்லுக்குக் கல்லு ஒண்ணரை மில்லிமீட்டர் ஜாயிண்ட் விடுவாங்க, 18 கல்லுக்கு அதுவே ஒரு இஞ்ச் ஆயிடும், அந்த இஞ்ச்ச பிளெய்ன் பட்டியிலயோ பார்டர் வெளி ஓரத்துலயோ அட்ஜஸ்ட் பண்ணிக்கணும், டிசைன்ல கை வைக்கக் கூடாது.

பட்டறைல சொல்ல வேண்டியது ஒண்ணே ஒண்ணு இருக்கு. பின்பக்கக் கலவை ஈரமா இருக்கும்போதே குச்சியால ஒரு அம்புக்குறி கீறச் சொல்லுங்க, எல்லா கல்லுலயும் ஒரே திசைல. போடற அன்னைக்கு கொத்தனார் டிசைனப் பாத்துப் பாத்து திருப்ப வேணாம், அம்பப் பாத்து அடுக்கிட்டே போகலாம். அவருக்குக் குடுக்கற பிளான்லயும் அம்புக்குறி மட்டும் போட்டா போதும்.

தரை வேலைல நம்ம கடலோர ஊருக்குன்னு சில ஜாக்கிரதை. கடலூர் ஓ.டி (ஓல்ட் டவுன்), தேவனாம்பட்டினம், பாண்டில குருசுக்குப்பம் பக்கம் எல்லாம் கீழேர்ந்து ஈரம் உப்ப இழுத்துட்டு மேல வரும், கல்லு மேல வெள்ளையா பூக்கும். கான்கிரீட் போடறதுக்கு முன்னாடி கெட்டி பாலிதீன் ஷீட்டு விரிச்சு அதுமேல கான்கிரீட் போடுங்க. கலவைக்கும் க்யூரிங்குக்கும் உப்புத் தண்ணி போர் வேணவே வேணாம், நல்ல தண்ணி லாரி ஒண்ணு சொல்லிடுங்க. ஐப்பசி கார்த்திகைல கல்லு போடற வேலைய வச்சுக்காதீங்க, மாசி பங்குனி நல்லது. கல்ல தண்ணில முக்கி எடுத்து, நூல் கட்டி, ரூம் நடுவுலேர்ந்து ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் போகணும். சுத்தியால ஓங்கித் தட்டக் கூடாது, கையால அமுக்கி ரசமட்டம் வச்சுப் பாத்தாப் போதும். ஜாயிண்ட்டுக்கு கருப்பு, செவப்பு கலர் பூசாதீங்க, கல்லு அத உறிஞ்சி ஓரமெல்லாம் கறை புடிச்சுடும், வெள்ளை சிமெண்ட்ல கொஞ்சமா கலர் கலந்து பூசி உடனே ஸ்பாஞ்ச்ல தொடைக்கச் சொல்லுங்க. வேற வேலை, பெயிண்ட் வேலை எல்லாம் முடிஞ்ச பிறகுதான் இந்தக் கல்லு, முன்னாடியே போட்டா மேல சாக்கு விரிக்கணும், அட்டப்பெட்டி விரிக்காதீங்க, நனஞ்சா அதோட கலரு கல்லுல எறங்கிடும்.

போட்டு முடிச்சதும் மொதல் சில மாசம் தெனம் ஈரத்துணியால தொடைங்க, வாரத்துக்கு ஒருக்க ரெண்டு சொட்டு தேங்கா எண்ணெய் துணில தேச்சு மெல்லிசா தடவலாம். பளபளப்பு கால் பட்டுத்தான் வரும், அவசரப்பட்டு பாலிஷ் மெஷின் ஓட்டினா கலர் அடுக்கே தேஞ்சு போகும். புளி, எலுமிச்சம்பழம், வினிகர் பட்டா உடனே தொடைங்க, சிமெண்ட்ட அது அரிக்கும். பாத்ரூம் கழுவற ஆசிட்ட இந்தத் தரைப் பக்கமே கொண்டு வராதீங்க, வேலைக்கு வர அக்காகிட்டயும் மொத நாளே சொல்லிடுங்க. சமையல்கட்டுல மஞ்சத்தூளும் எண்ணெயும் கறை புடிக்கும்ங்கறதால அங்க வேற கல்லு போட்டுக்கறதே நல்லதுன்னு நான் நினைக்கறேன்.

அச்சுக்குத் தனியா காசு குடுத்திருந்தீங்கன்னா வேலை முடிஞ்சதும் அத கேட்டு வாங்கி வீட்லயே வச்சுக்கங்க, எண்ணெய் தடவி பேப்பர்ல சுத்தி வச்சா துரு ஏறாது. கூட வாங்கின கல்ல அடுக்கும்போது முகத்தோட முகம் பாக்கற மாதிரி நிக்க வச்சு அடுக்குங்க, அது மேல எந்த கலர் எந்த அளவுல கலந்தாங்கன்னு ஒரு சீட்டு எழுதி ஒட்டிடுங்க, பின்னாடி பைப் லைன் உடைச்சு நாலு கல்லு மாத்த வேண்டி வந்தா அப்ப தேவைப்படும்.